மூன்று நாள் பொறுத்தால் ஒரு மாதம் லாபம்!

சிக்கனம் என்றால் செலவே செய்யாமல் இருப்பதுதான் என்று நானும் நினைத்திருந்தேன். 2024-இல் கலிபோர்னியாவில் தங்கை வீட்டில் ஐந்து மாதம் தங்கியபோது அந்த எண்ணம் மாறிவிட்டது.

தங்கைக்குப் பெரியவனுக்கு ஆறு வயசு, கைக்குழந்தைக்கு எட்டு மாதம். ஒரே சம்பளம், பாதி வாடகைக்கே சரியாகிவிடும். "வெளியே காலை வச்சாலே காசுதான் அக்கா" என்று வாரக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தாள். காரணமில்லாமல் கண் கலங்குவாள். எனக்குப் பயமாகவே இருந்தது.

ஜூன் கடைசியில் மாப்பிள்ளை, தேசியப் பூங்காக்களுக்கு வருஷ பாஸ் வாங்கலாம் என்றார். விலை 80 டாலர். "ஒரேயடியாக எண்பதா! வேண்டவே வேண்டாம்" என்றாள் தங்கை.

நான் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். யோசெமிட்டிக்குக் கார் ஒன்றுக்கு 35 டாலர். வானுயர்ந்த ரெட்வுட் மரங்கள் நிற்கும் மியூர் வுட்ஸில் தலைக்கு 15. பெரியவர்கள் மூவருக்கு 45. 16 வயசுக்குக் கீழே இலவசம். ஆக, இரண்டே இடத்தில் 80 வந்துவிட்டது. மூன்றாவது இடத்திலிருந்து எல்லாம் லாபந்தானே?

பாஸ், வாங்கிய மாதத்திலிருந்து கணக்கிட்டு, அடுத்த வருஷம் அதே மாதக் கடைசி நாள் வரை செல்லும். அதனால் மூன்று நாள் பொறுத்து, ஜூலை 1-ஆம் தேதி வாங்கச் சொன்னேன். 2025 ஜூலை 31 வரை, பதிமூன்று மாதம் கிடைத்தது!

ஒரு அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். செக்கோயாவுக்குப் போனபோது பாஸ் வீட்டு மேஜை டிராயரில், நாங்கள் பூங்கா வாசலில். தண்டமாக 35 டாலர் அழுதோம். அன்றிலிருந்து லைசென்சோடு சேர்த்துத்தான் பாஸையும் வைப்பது. நுழைவுக்கு மட்டுந்தான் பாஸ். கூடாரத்தில் தங்க, மியூர் வுட்ஸில் வண்டி நிறுத்தவெல்லாம் தனிக் காசு. சாப்பாட்டுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போனோம்.

2026 ஜனவரி முதல் அங்கே வசிப்பவர்களுக்குத்தான் 80 டாலர், வெளிநாட்டவருக்கு 250. பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தாய்மார்கள் விதிகளை முன்னதாகவே விசாரித்துக்கொள்வது நல்லது.

மனச்சோர்வு பற்றித் தங்கை டாக்டரிடமும் பேசினாள். பிரசவத்துக்குப் பின் இப்படி இருந்தால் மறைக்கவே கூடாது. ஆனாலும் அந்தப் பாஸ் செய்த நல்லதை நான் கண்ணால் பார்த்தேன். அக்டோபரில் மறுபடி யோசெமிட்டிக்குக் கிளம்பினோம். கூப்பிட்டது நானல்ல. "காசு கட்டியாச்சே அக்கா, சும்மா இருந்தா வீண்தானே?" என்று முதல் ஆளாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றாள் அவள்!