கோபுரம் தெரிகிறது; குடிசை?

ஜீவனஹள்ளியில் நான் குடியிருக்கும் வீட்டுத் தாத்தாவிடம் பழைய பிரெஞ்சு அஞ்சலட்டை ஒன்று கண்டேன். பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தின் மணிக்கோபுரம் அதில் ஓங்கி நிற்கிறது. 1163-இல் தொடங்கிய கட்டடம். கல் சுமந்தவர் பெயரை யார் அறிவார்?

நம் சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயமும் அதே கோதிக் பாணிதான். 1882-இல் பிரெஞ்சுப் பாதிரியார் கிளைனர் கட்டி முடித்தது. அதன் கூர்கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறோம். அதற்கு வெகுகாலம் முன்பே, செஞ்சிப் பக்கமிருந்து வந்த தமிழர் அங்கே ஓலைக் குடிசையில் வழிபட்டனர் என்பர். ‘என்பர்’ என்றுதான் சொல்ல முடிகிறது. அவர்கள் பெயர் நமக்குக் கிட்டவில்லை.

தாத்தாவையே கேட்டேன்: “உங்கள் தகப்பனார் எந்த ஆண்டு பெங்களூர் வந்தார்?”

“தெரியலையே தம்பி!” என்றார்.

பாரிஸ் கோபுரத்தின் படம் பத்திரமாயிருக்கிறது. சொந்தத் தகப்பன் வந்த ஆண்டு போய்விட்டது! ஆய்வுக்கூடத்தில் குறித்து வைக்காத அளவு, அளக்காத அளவே. வரலாறும் அப்படித்தான் அன்றோ?

தோழர்களே! இந்த விடுமுறையில் ஆளுக்கொரு முதியவரிடம் அமருங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன வேலை என்று கேட்டு எழுதுங்கள். கோபுரத்தைப் பிறர் படம் பிடிக்கட்டும். குடிசையை நாம் எழுதுவோம்!