காற்றுக்கும் கணக்கு உண்டு

சென்ற ஆடி மாதம், நல்ல மழை நாள். நம் சங்க நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "சார், பையனோட ஒர்க்‌ஷாப்பில் கம்ப்ரஸர் தகராறு செய்கிறது. மெக்கானிக் வந்து பார்த்தும் பிரயோஜனமில்லை. நீங்கள் ஒரு நடை வந்து பார்க்க முடியுமா?" என்றார். மறுநாளே கல்யாணுக்கு ரயிலேறினேன்.

பையன் ஐ.டி.ஐ. படித்தவன், நல்ல கைவேலைக்காரன். கார்களுக்கு டெண்டிங், பெயிண்டிங் செய்வதற்காக வங்கிக் கடனோடு அம்மாவின் வளையல்களையும் அடகு வைத்துக் கடை போட்டிருந்தான். அவன் வாங்கியிருந்தது 2 ஹெச்.பி. மோட்டார், 160 லிட்டர் டேங்க். "டேங்க் பெரிசு, எந்த டூலும் ஓடும்" என்று விற்றவர் சொன்னாராம். ஆனால் சாண்டரை இரண்டு நிமிடம் ஓட்டினால் வேகம் தளர்கிறது. மோட்டார் ஓய்வில்லாமல் ஓடிக் கொதிக்கிறது. பெயிண்ட் அடித்தால் கொப்புளம். இரண்டு கார்களுக்குக் கைக்காசு போட்டு மறுபடி பெயிண்ட் அடித்துக் கொடுத்திருந்தான்.

சோதித்துப் பார்த்தேன். கம்ப்ரஸரில் கோளாறு இல்லை. வாங்கும்போது போட்ட கணக்கில்தான் கோளாறு.

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து 1981-ல் ரயில்வேயில் சேர்ந்தவன் நான். வேலை பார்த்தது பெரும்பாலும் டீசல் ஷெட்டில். காற்றை நம்பித்தான் ரயிலே ஓடுகிறது. பிரேக் பைப்பில் 5 கிலோ அழுத்தம் ஏறாமல் வண்டி கிளம்ப முடியாது. அங்கே நாங்கள் முதலில் கேட்டது மோட்டாரின் சக்தியை அல்ல. நிமிடத்துக்கு எவ்வளவு காற்று கிடைக்கிறது என்பதைத்தான். ஒர்க்‌ஷாப் வைக்கும் நம் பிள்ளைகளும் அதைத்தான் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

பையனிடம் காகிதத்தில் எழுதியே காட்டினேன். சாண்டர் தொடர்ந்து ஓடினால் நிமிடத்துக்குச் சுமார் 12 கன அடி, அதாவது 340 லிட்டர் காற்று குடிக்கும். அவனுடைய மெஷின் தருவது 6 கன அடி, 170 லிட்டர். மீதி 170 லிட்டர் டேங்க்கிலிருந்து போகிறது. டேங்க் அழுத்தம் 8 கிலோவிலிருந்து 6 கிலோவுக்கு இறங்குவதற்குள் கிடைக்கும் காற்று 320 லிட்டர்தான். 320-ஐ 170-ஆல் வகுத்துப் பாருங்கள். இரண்டு நிமிடம்கூட வரவில்லை. டேங்க் என்பது உண்டியல் மாதிரி. வருமானத்துக்கு மேல் செலவு செய்தால் எவ்வளவு பெரிய உண்டியலும் காலியாகும்.

"அங்கிள், பிளேட்டில் 8 கன அடி என்றல்லவா போட்டிருக்கிறது?" என்றான். அது பிஸ்டன் இழுக்கும் அளவு. வெளியே வந்து சேர்வது அதைவிடக் குறைவு. அதற்கு 'ஃப்ரீ ஏர் டெலிவரி' என்று பெயர். அந்த எண்ணைக் கேட்டு, எந்த அழுத்தத்தில் என்றும் கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும். டூல் கேட்லாக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 'சராசரி' என்று போட்டிருந்தால், நிமிடத்தில் 15 விநாடி ஓட்டுவதாக வைத்துச் சொன்ன கணக்காக இருக்கலாம். நட்டு கழற்றும் டூலுக்கு அது பொருந்தும், சாண்டருக்குப் பொருந்தாது.

கொப்புளத்துக்கும் இதே காரணம்தான். ஓய்வில்லாமல் ஓடும் மெஷின் சூடான காற்றையே தள்ளும். அதிலுள்ள ஈரம் டேங்க்கில் தங்காமல் ஹோஸ் வரை போய், குளிர்ந்தபின் தண்ணீராகி பெயிண்டில் விழுகிறது. மும்பை மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம்.

"பெரிய மெஷின் வாங்கினால் கரண்ட் பில் ஏறாதா?" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் போதுமான மெஷின் வேலை முடிந்ததும் நின்றுவிடும். போதாத மெஷின் நாள் முழுக்க ஓடும். தேவைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூட்டி 16 கன அடி என்று வைத்துக்கொண்டால் 5 ஹெச்.பி. வேண்டும். அதற்கு மூன்று ஃபேஸ் இணைப்பு உண்டா என்பதை முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். டயர் வேலை மட்டும் செய்பவருக்கு 2 ஹெச்.பி.யே தாராளம். அவர் பெரிதாக வாங்கினால் அதுவும் வீண்தான்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்வேன். டேங்க்கின் அடியிலுள்ள வால்வைத் திறந்து தினமும் தண்ணீரை வெளியேற்றுங்கள். ரயில் எஞ்சினிலும் இதைச் செய்யாமல் விடுவதில்லை. தண்ணீர் தங்கினால் டேங்க் உள்ளிருந்தே துருப்பிடித்து மெலியும்; வெளியே பெயிண்ட் பளபளக்கும். ஒட்டுப் போட்ட பழைய டேங்க்கை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். சேஃப்டி வால்வை அடைக்காதீர்கள். காற்று லைனுக்கு பி.வி.சி. பைப் போடாதீர்கள், அது உடைந்தால் சில்லு சில்லாகச் சிதறும். பண நஷ்டத்தைச் சம்பாதித்து ஈடுகட்டலாம், கண்ணை ஈடுகட்ட முடியாது.

பையன் பழைய மெஷினை நஷ்டத்துக்கு விற்று, தவணையில் 5 ஹெச்.பி. வாங்கினான். பெயிண்ட் இப்போது கொப்புளிப்பதில்லை. அம்மாவின் வளையல்கள் மட்டும் இன்னும் அடகுக் கடையில் இருக்கின்றன. அரைமணி நேரக் கணக்கை முதலிலேயே போட்டிருந்தால் இந்நேரம் அவை மீண்டிருக்கும்.

நம் சங்கத்தில் ரயில்வேயிலும் ஆலைகளிலும் உழைத்து ஓய்வுபெற்றவர்கள் பலர் இருக்கிறோம். தொழில் தொடங்கும் பிள்ளைகள் மெஷின் வாங்கிய பிறகு எங்களைத் தேடுகிறார்கள். வாங்குவதற்கு முன் வாருங்கள். ஒரு காகிதமும் பென்சிலும் போதும். எங்களுக்கும் பொழுது பயனுள்ளதாகக் கழியும்.