தானியக் களஞ்சியம்: 11,000 வருஷக் கதையும் தாராவி ரேஷன் கடையும்

ஊர் ரேஷன் கார்டு மும்பையில் செல்லுமா? தாராவிக்குப் பிழைக்க வரும் பல தமிழ்க் குடும்பங்களுக்கு இதுதான் முதல் கேள்வி. பதில் கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்குது.

முதல் களஞ்சியம் எங்கே?

ஜோர்டானின் த்ரா என்ற இடத்தில், சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முந்தைய களஞ்சியங்கள் கிடைத்தன. முழுமையான விவசாயம் வருவதற்கு முன்பே கட்டியவை. ஈரமும் எலியும் அண்டாமல் இருக்க, தரையை உயர்த்தி அடியில் காற்று போக வழி விட்டிருக்காங்க.

மொகஞ்சதாரோவில்?

அங்கிருந்த பெரிய கட்டடத்துக்கு 'களஞ்சியம்' என்று 1950-இல் பெயர் வைத்தவர் மார்ட்டிமர் வீலர். ஆனால், தானியம் இருந்ததற்கான தடயம் கிடைக்கவில்லை. அதனால் பல ஆய்வாளர்கள் அந்தப் பெயரை இப்போ ஏற்பதில்லை.

நம்ம ஊரில்?

பாபநாசம் அருகே திருப்பாலைத்துறை கோயிலில், 17-ஆம் நூற்றாண்டு நாயக்கர் கால செங்கல் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. கொள்ளளவு 3,000 கலம். சாவி யார் கையில் என்பதுதான் எப்போதுமே விஷயம்.

இப்போது என்ன நிலை?

நாட்டின் உற்பத்தி 311 மில்லியன் டன், சேமிப்பு வசதி 145 மில்லியன் டன் மட்டுமே என்று 2023-இல் மத்திய அரசு சொன்னது. கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் ஐந்து ஆண்டுகளில் 700 லட்சம் டன்னுக்குக் கிடங்கு கட்டும் திட்டத்துக்கும் அந்த மே மாதம் ஒப்புதல் தந்தது.

சரி, ஊர் கார்டு செல்லுமா?

'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. ஆனால், 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் கார்டுகளுக்கு மட்டுமே இது பொருந்தும். கார்டில் 'பி.எச்.எச்.' என்றிருந்தால், கைரேகை வைத்து ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் இங்கேயே வாங்கலாம். அந்தியோதயா கார்டுக்குக் குடும்பத்துக்கு 35 கிலோ.

'என்.பி.எச்.எச்.' என்றிருந்தால் சிக்கல். ஊரில் அந்தக் கார்டுக்கும் இலவச அரிசி தருவது தமிழ்நாடு அரசு. அது மாநில எல்லையைத் தாண்டி வராது. பருப்பும் பாமாயிலும் யாருக்குமே இங்கே கிடைக்காது.

கிடங்கு கட்டுவது பாதி வேலைதான். அரிசி இருக்கும் ஊரில் ஆள் இல்லை, ஆள் இருக்கும் ஊரில் கார்டு செல்லாது என்றால் எத்தனை லட்சம் டன் சேர்த்தும் என்ன பயன்? உங்க வீட்டில் வேலை செய்பவரிடம் கார்டில் என்ன எழுதியிருக்கு என்று ஒருமுறை பார்த்துச் சொல்லுங்க. பலருக்கு அந்த நாலெழுத்தின் அர்த்தம் தெரியாது.