நடுவில் போய் நின்றால் ஜெயித்து விடலாமா?

போன வாரம் எங்கள் வகுப்பில் நடந்த பட்டிமன்றத்தைச் சில பேர் பார்த்திருப்பீர்கள். "அமெரிக்கத் தேர்தலில் ஜெயிக்க வேட்பாளர் நடுப்பக்கம் நகர வேண்டுமா, தன் கொள்கையிலேயே நிற்க வேண்டுமா?" இதுதான் தலைப்பு. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்கு 'நகர வேண்டும்' அணி விழுந்தது. நாங்கள்தான் ஜெயித்தோம். பரிசு ஒரு பேனா. ஆனால் வீட்டுக்குப் போனதும் மனசு கேட்கல. நான் பேசினதை நானே நம்பல. அதனால் அந்தப் பேனாவாலேயே இதை எழுதுகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிடறேன். அங்கே பெரிய கட்சி இரண்டுதான், ஜனநாயகக் கட்சியும் குடியரசுக் கட்சியும். கருத்துக் கணிப்பில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் "நான் எந்தக் கட்சியும் இல்லை" என்கிறார்கள். வேட்பாளர் முதலில் தன் கட்சிக்காரர்களிடம் ஓட்டு வாங்கணும், அங்கே காரமாகப் பேசணும். அப்புறம் பொதுத் தேர்தலில் இந்த நாலு பேரைப் பிடிக்கக் காரத்தைக் குறைக்கணும்.

ஹோட்டலிங் என்ற பொருளாதார அறிஞர் 1929-லேயே எழுதினார். ஒரே தெருவில் இரண்டு கடை இருந்தால் இரண்டும் நகர்ந்து நகர்ந்து நடுவில் ஒட்டிக்கொண்டு நிற்குமாம். நம் ஸ்கூல் கேட்டில் நிற்கும் ஐஸ் வண்டிகள் மாதிரி! இதைச் சொல்லித்தான் கைதட்டல் வாங்கினேன். 1964-ல் கோல்ட்வாட்டர் 50 மாநிலத்தில் 6-ல்தான் ஜெயித்தார். 1972-ல் மெக்கவர்னுக்கு ஒரே ஒரு மாநிலம், கூட தலைநகர் வாஷிங்டன். நடுவுக்கு வந்த கிளிண்டன் 1992, 1996 இரண்டு தடவையும் ஜெயித்தார். இதெல்லாம் உண்மைதான், நான் மறுக்கல.

ஆனால் மேடையில் நான் சொல்லாமல் மறைத்த தேர்தல் ஒன்று உண்டு. 1948.

அப்போது ஜனாதிபதி ட்ரூமன், ஜனநாயகக் கட்சி. ஜூலை மாதம் அவர் கட்சி மாநாட்டில் கறுப்பின மக்களுக்குச் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. மிசிசிப்பி பிரதிநிதிகள் எழுந்து வெளியே போய்விட்டார்கள். தர்மண்ட் என்பவர் தனிக்கட்சி கண்டு எதிர்த்து நின்றார். (ட்ரூமனே அந்தத் தீர்மானம் இன்னும் மிதமாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தவர், அதையும் சொல்லிடணும்.) இந்த நேரத்தில் யாராக இருந்தாலும் பின்வாங்கியிருப்பார்கள். அவரோ ஜூலை 26-ம் தேதி, ராணுவத்தில் நிறம் பார்க்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

எதிரே நின்ற டூயி யாரையும் பகைக்காமல் பொதுவாகவே பேசிக்கொண்டு போனார். கணிப்புகள் எல்லாம் டூயிதான் என்றன. 'ட்ரூமனை டூயி தோற்கடித்தார்' என்று சிகாகோ டிரிபியூன் பேப்பரே அடித்துவிட்டது! விடிந்து பார்த்தால் ட்ரூமனுக்கு 303 தேர்வாளர் ஓட்டு, டூயிக்கு 189. விவசாயிகள், தொழிலாளர்கள் ஓட்டும் அதற்குக் காரணம்தான். ஆனாலும் கொள்கையில் நின்றால் தோல்வி நிச்சயம் என்று நான் மேடையில் அடித்துச் சொன்னது பொய்.

இன்னொன்று. 2012-ல் வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணிப்பில், கட்சி சாராதவர்களிடம் ராம்னிக்குத்தான் அதிக ஓட்டு. ஜெயித்தது ஒபாமா. ஓட்டுப் போடாமல் வீட்டில் இருப்பவனை வரவைப்பதும் ஒரு வழிதானே? கூட்டமாக ஓட்டுப் போட்ட 2020-லேயே மூன்றில் ஒருவர் போடவில்லை.

வரி எத்தனை சதவீதம் என்பது மாதிரி விஷயத்தில் இறங்கி வரட்டும், தப்பே இல்லை. ஆனால் 1948-ல் தனிப் படைப்பிரிவில் தள்ளி வைக்கப்பட்ட ஒரு கறுப்பின சிப்பாய்க்கு 'நடுப்பக்கம்' என்றால் என்ன? இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ என்பதுதானே? அவனிடம் கேட்டா அந்த நடுவைக் கோடு போட்டார்கள்?

எதிரணித் தோழி அன்றைக்கு 1948-ஐப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் திருதிருவென்று முழித்திருப்பேன். பேனா வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள்ளட்டும். மை பாதிதான் இருக்கு.