ஆசிரியர் அனுப்பும் செய்தி

விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில் காலை ஏலத்தின்போது பணம் செலுத்தப் பயன்படும் கைப்பேசி, மாலையில் பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்காகத் திறக்கப்படுகிறது. வகுப்புக் குழுவில் ஆசிரியர் அனுப்பும் அறிவிப்பும், வங்கியின் குறுஞ்செய்தியும், கடல் சீற்றம் குறித்த எச்சரிக்கையும் அதே திரையில்தான் வந்து சேர்கின்றன. ஆகவே ஆசிரியரின் இணையப் பழக்கம் பள்ளிக்குள் நின்றுவிடுவதில்லை; அது குடும்பத்தின் சேமிப்பையும் உயிரையும் தொடுகிறது. வங்கிப் பணியில் இருக்கும் நாம் ஆசிரியர் பயிற்சி குறித்துக் கருத்துரைக்கக் காரணம் இதுவே.

கேரளத்தில் இதற்கான அடித்தளம் வலுவாகவே உள்ளது. 2001இல் தொடங்கிய ஐ.டி.@ஸ்கூல் திட்டம், 2017இல் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக வளர்ந்தது. அதன் ‘கூல்’ தளம் ஆசிரியர்களுக்கு இணையவழிப் பயிற்சி அளிக்கிறது. 2022இல் நடந்த ‘சத்யமேவ ஜயதே’ திட்டத்தின் வாயிலாக, பொய்ச்செய்தியை இனங்காணும் முறையை 19 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கற்றனர். செயற்கை நுண்ணறிவைப் பொறுப்புடன் கையாள 80,000 ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பணி 2024 மே மாதம் தொடங்கியது. 2025 ஆகஸ்ட்டில் கேரளம் முழுமையான டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது.

கருவியை இயக்கக் கற்பது முதற்படி. அதனால் பிறருக்குத் தீங்கு நேராமல் நடந்துகொள்வதே டிஜிட்டல் குடிமைப் பொறுப்பு. இந்த இரண்டாம் படியை ஆசிரியர் பயிற்சியின் நடுவே வைக்க வேண்டும் என்பதே நமது கருத்து.

ஓர் எடுத்துக்காட்டு. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல், இக்கரையோரத்து மீனவர் பலரைக் கடலில் பலிகொண்டது. அதன்பின் வானிலை எச்சரிக்கையை இங்கு எவரும் எளிதாக எண்ணுவதில்லை. இந்நிலையில் தேதியில்லாத பழைய எச்சரிக்கை ஒன்றை ஆசிரியர் நல்லெண்ணத்துடன் குழுவில் பகிர்ந்தால் என்னவாகும்? ஒரு நாள் கூலி இழக்கப்படும். அதைவிடக் கொடியது, அடுத்து வரும் உண்மையான எச்சரிக்கையின் மீது நம்பிக்கை குறைவது. ‘வாத்தியாரே அனுப்பியிருக்கிறார்’ என்பது பெற்றோருக்குப் போதுமான சான்று. அந்த மதிப்பே ஆசிரியரின் பொறுப்பைக் கூட்டுகிறது.

பணத்துக்கும் இது பொருந்தும். உதவித்தொகை வந்திருப்பதாகச் சொல்லும் போலி இணைப்பு வகுப்புக் குழு வழியாக வரும்போது, பெற்றோர் ஐயமின்றித் திறந்துவிடுவர். பணம் பெறுவதற்கு ரகசிய எண் எதையும் பதிய வேண்டியதில்லை. ‘டிஜிட்டல் கைது’ என்ற நடைமுறை நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இம்மூன்றையும் ஆசிரியர் அறிந்து சொன்னால், நமது விளம்பரங்கள் எட்டாத வீடுகளுக்கும் அவை எட்டும்.

மாணவரின் தனியுரிமையும் இதில் அடங்கும். 18 வயது நிறையாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. மதிப்பெண் பட்டியலையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் பொதுக் குழுவில் இடும் வழக்கத்தை அச்சட்டத்தின் நோக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே பணிச்சுமை மிகுதி என்ற மறுப்பு நியாயமானது. இரவில் களைத்த கண்களோடு காணொளியை ஓடவிட்டுச் சான்றிதழ் பெறும் பயிற்சியால் எப்பயனும் இல்லை. எனவே பயிற்சிக்குப் பள்ளி நேரத்திலேயே இடம் ஒதுக்க வேண்டும். பாடங்கள் சுருக்கமாக, அந்தந்த ஊரின் நிகழ்வுகளைக் கொண்டு அமைய வேண்டும். ஐயத்துக்குரிய ஒரு செய்தியைக் கொடுத்து, அதன் மூலத்தையும் தேதியையும் கண்டறியச் செய்வது, பல பக்க விரிவுரையைவிட மேலானது. பயிற்சி முடிந்து சில மாதங்கள் கழித்து, பள்ளியின் வகுப்புக் குழுக்கள் எவ்வாறு நடத்தப்படுகின்றன என்று பார்ப்பதே உண்மையான தேர்வு.

வங்கிகளுக்கும் இதில் கடமை உண்டு. கிளைகளில் பதிவாகும் மோசடி முறைகளை, வாடிக்கையாளரின் அடையாளம் நீக்கி, எளிய மொழியில் பயிற்சிப் பாடங்களாக்கித் தர நாம் முன்வர வேண்டும். பெற்றோராகிய வாடிக்கையாளர்கள் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு: அடுத்த பெற்றோர் கூட்டத்தில், பிள்ளையின் மதிப்பெண்ணோடு, வகுப்புக் குழுவில் எவை பகிரப்படும், எவை பகிரப்படமாட்டா என்பதையும் ஆசிரியரிடம் மரியாதையுடன் கேளுங்கள்.