பாலம் கட்டும் படையும் ஒப்பந்தக் கூலியும்: இராணுவப் பொறியியலில் நம் மக்களின் இடம் எது?

2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு சிதைத்தபோது, துண்டிக்கப்பட்ட இரு கரைகளையும் இணைத்தது மதராஸ் பொறியாளர் படைப்பிரிவு அமைத்த 190 அடி நீளமுள்ள பெய்லி பாலம். ஆகஸ்ட் 1 மாலைக்குள் பணி முடிந்தது. மண்வாரி இயந்திரங்களும் ஆம்புலன்சுகளும் அதன்மீதே அக்கரைக்குச் சென்றன. நாடே அப்படையைப் பாராட்டியது. அப்பாராட்டுக்கு அது முற்றிலும் உரியது. ஆயினும், அப்படையைக் கட்டி வளர்த்தவர்கள் யார், அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று இராணுவப் பொறியியலின் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்ற கேள்விகளை எவரும் எழுப்பவில்லை. அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், வடகரை முதல் சங்கரன்கோவில் வரை, படைவேலையைச் சாதிக் கொடுமையிலிருந்து விடுபடும் வழியாகக் கருதும் ஒடுக்கப்பட்ட குடும்பங்கள் உள்ளன. அவர்களுக்காகவே இக்கேள்விகளை நாம் எழுப்புகிறோம்.

இராணுவப் பொறியியல் என்றதும் பாலமும் கண்ணிவெடியும்தான் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் அது மூன்று தளங்களில் நடக்கிறது. முதலாவது, சீருடை அணிந்த பொறியாளர் படை. பாலம் அமைப்பது, பாதை வெட்டுவது, கண்ணிவெடி அகற்றுவது ஆகியவை அதன் பணிகள். இரண்டாவது, 1923இல் உருவான இராணுவப் பொறியியல் சேவை. எம்.இ.எஸ். என்று அழைக்கப்படும் இவ்வமைப்பே முப்படைகளின் குடியிருப்புகள், மருத்துவமனைகள், ஓடுபாதைகள், கப்பல் துறைகள், குடிநீர், மின்சாரம், கழிவுநீர் ஆகிய அனைத்தையும் கட்டிப் பராமரிக்கிறது. சூலூர், தஞ்சாவூர் விமானப்படைத் தளங்களும், குன்னூர் வெலிங்டனும், தென்காசிக்கு அண்மையில் நெல்லை மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளமும் இத்தகைய பணிகளின்றி ஒருநாளும் இயங்க முடியாது. மூன்றாவது, 1960இல் தொடங்கப்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்பு.

இவற்றுள் முதலாவதன் வரலாறு நம் வரலாற்றோடு பிணைந்தது. 1780இல் சென்னையில் இரு பயனியர் கம்பெனிகளாகத் தோன்றிய படையே பின்னாளில் மதராஸ் சாப்பர்ஸ் ஆனது. பறையர் சமூகத்தவரும் கிறிஸ்தவர்களும் அதில் பெருமளவில் சேர்ந்தனர். மண் வெட்டுவதும் கல் சுமப்பதும் இழிவு என்று சாதி இந்துக்கள் ஒதுங்கிய காலம் அது. கடல் கடந்தால் தீட்டு என்ற தடையும் இருந்தது. அத்தடைகளுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்கள் பர்மா, சீனா, அபிசீனியா, மெசபடோமியா என்று கடல் கடந்து சென்று போர்க்களங்களில் பாதை அமைத்தார்கள். ஊரில் கூலியாக மதிக்கப்பட்ட உழைப்பு, சீருடைக்குள் பொறியியல் திறனாக மதிக்கப்பட்டது. அதனுடன் மாதச் சம்பளம், ஓய்வூதியம், பிள்ளைகளுக்கான படைமுகாம் பள்ளி ஆகியவையும் கிடைத்தன. அண்ணல் அம்பேத்கர் 1891இல் பிறந்தது மாவ் படைமுகாமில். அவருடைய தந்தை ராம்ஜி சக்பால் அங்கு சுபேதாராகவும் ஆசிரியராகவும் பணியாற்றியவர். படைமுகாம் திறந்த கல்விக்கதவு ஒரு தலைமுறையை எவ்வளவு தொலைவு கொண்டுசென்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்தக் கதவை வெள்ளை அரசே அடைக்கவும் செய்தது. 1885 முதல் 1893 வரை இந்தியத் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், 'போர்க்குணமுள்ள இனங்கள்' என்ற கோட்பாட்டை முன்னிறுத்தினார். தென்னிந்தியக் காலாட்படைகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. பம்பாய் மாகாணத்தில் 1890களின் தொடக்கத்தில் மகர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அதை எதிர்த்து கோபால் பாபா வலங்கர் 1894இல் மனு எழுதினார். தனி மகர் படைப்பிரிவு மீண்டும் நிலைபெற 1941 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சென்னையின் பயனியர் படைகள் 1933இல் கலைக்கப்பட்டன. ஒடுக்கப்பட்டோரின் படைவாய்ப்பு அவர்களின் திறமையைப் பொறுத்து அமையவில்லை. ஆட்சியாளரின் கொள்கை முடிவைப் பொறுத்தே திறந்தது, மூடியது. இந்தப் பாடத்தை நாம் மறக்கலாகாது.

சீருடை ஏன் இத்தனை முக்கியமானது? இராணுவத்தில் பணியாற்றித் திரும்பிய இம்மானுவேல் சேகரன், முதுகுளத்தூர் வட்டாரத்தில் சமத்துவம் கோரி நிமிர்ந்து நின்றார்; 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் படுகொலை செய்யப்பட்டார். ஊருக்கு வெளியே பெற்ற தன்மதிப்பை ஊர் பொறுத்துக்கொள்ளவில்லை. அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 2022 செப்டம்பரில், தென்காசி மாவட்டம் பாஞ்சாங்குளத்தில் பட்டியல் சாதிக் குழந்தைகளுக்குத் தின்பண்டம் விற்க மறுத்த காணொளி வெளியானது. முந்தைய மோதல் ஒன்றில் பதிவான வழக்கால் ஆதிக்க சாதி இளைஞர் ஒருவர் அக்னிவீர் வேலையில் சேர முடியாமல் போனதும், அவ்வழக்கைத் திரும்பப் பெறுமாறு பட்டியல் சாதியினருக்கு நெருக்கடி தரப்பட்டதும் அதன் பின்னணி என்று அன்றைய செய்திகள் தெரிவித்தன. ஒருவருக்குப் படைவேலை கிடைப்பதற்காக இன்னொருவர் நீதியை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று ஊர்க்கட்டுப்பாடு கோரியது. இம்மாவட்டத்தில் படைவேலையின் மதிப்பும் சாதியின் பிடியும் எவ்வளவு நெருங்கிக் கிடக்கின்றன என்பதை இது காட்டுகிறது.

இன்று அந்த வேலையே சுருங்கி வருகிறது. 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி நான்கு ஆண்டுப் பணிக்குப் பின் அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே தொடர முடியும். மற்றவர்களுக்கு ஒருமுறைத் தொகை உண்டு, ஓய்வூதியம் இல்லை. நிலமும் சேமிப்பும் இல்லாத குடும்பத்துக்கு அந்த ஓய்வூதியமே நிலமாக இருந்தது. அது பறிபோவதன் சுமை எல்லாச் சாதியினர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை.

எம்.இ.எஸ். பக்கம் திரும்பினால் வேறொரு வகைச் சுருக்கத்தைக் காண்கிறோம். அதன் குடிமைப் பணியிடங்கள் மத்திய அரசுப் பணியிடங்கள். ஆகவே பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு அவற்றுக்குப் பொருந்தும். ஒரு குழாய்ப் பணியாளரின் நிரந்தர இடம் நிரப்பப்படாமல் அதே வேலை ஒப்பந்தக்காரரிடம் விடப்படும்போது, வேலை அப்படியே இருக்கிறது. இடஒதுக்கீடு மட்டும் மறைந்துவிடுகிறது. உழைக்கும் கை பெரும்பாலும் பழைய கையே. ஆனால் அது இப்போது பணிப்பதிவேடு இல்லாத, பதவி உயர்வு இல்லாத, விபத்து நேர்ந்தால் பெயரே தெரியாத கை.

கழிவுநீர்ப் பணியில் இது உயிர்ப்பிரச்சினை ஆகிறது. மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம், 2013, பாதுகாப்பின்றிக் கழிவுநீர்க் குழிக்குள் மனிதரை இறக்குவதைக் குற்றமாக்குகிறது. படைமுகாம் வாரியங்களையும் அச்சட்டம் உள்ளாட்சி அமைப்பு என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. ஒப்பந்தக்காரரும் அதிலிருந்து தப்ப முடியாது. குழிக்குள் இறந்தவர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் என 2014இல் நிர்ணயித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. முள்வேலிக்குள் இருக்கிறது என்பதற்காக எந்த வளாகமும் இச்சட்டத்துக்கு வெளியே நிற்க முடியாது. நாட்டுப் பாதுகாப்பு என்பது தொழிலாளியின் பாதுகாப்பை மறைக்கும் திரையாகலாகாது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. எல்லைச் சாலைப் பணிக்குப் பல்லாண்டுகளாக ஜார்க்கண்டின் சந்தால் பர்கானா பழங்குடியினரே அழைத்துச் செல்லப்படுகின்றனர். 2020 ஊரடங்கின்போது அவர்களின் அவலநிலை வெளிப்பட்டது. இடைத்தரகர் கூடாது, ஊதியம் தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கே செல்ல வேண்டும் என்ற கோரிக்கைகளை எல்லைச் சாலைகள் அமைப்பிடம் அம்மாநில அரசு முன்வைத்தது. பேச்சுவார்த்தைக்குப் பின்னரே ஜூன் மாதம் துமகாவிலிருந்து சிறப்பு ரயில் புறப்பட்டது. இராணுவப் பணி என்றாலும் தன் தொழிலாளருக்காக மாநில அரசு பேச முடியும் என்பதற்கு இது முன்னுதாரணம்.

தமிழ்நாடு அரசும் அவ்வாறு பேச வேண்டும். எம்.இ.எஸ். நிரந்தரப் பணியிடங்களில் பட்டியல் சாதியினருக்கு உரிய காலியிடங்கள் எத்தனை என்பது வெளியிடப்பட வேண்டும். ஒப்பந்தப் பணியிலும் பிரதிநிதித்துவம் உறுதி செய்யப்பட வேண்டும். ஒவ்வொரு துப்புரவு ஒப்பந்தத்திலும் இயந்திரமும் பாதுகாப்புக் கருவியும் கட்டாய நிபந்தனையாக வேண்டும். தென்காசி போன்ற மாவட்டங்களில் ஐ.டி.ஐ. படித்த நம் இளைஞர்களுக்கு இப்பணியிடங்களுக்கான தேர்வுப் பயிற்சியைத் தாட்கோ அளிக்க வேண்டும், எம்.இ.எஸ். என்றோர் அமைப்பு இருப்பதே பலருக்குத் தெரியாத நிலை மாற வேண்டும்.

சூரல்மலையில் பாலம் கட்டிய படையைக் கொண்டாடுவோர், அதே அரசின் வளாகத்தில் குழாயும் சாக்கடையும் பராமரிக்கும் தொழிலாளியின் பெயரையும் பதிவேட்டில் ஏற்றட்டும். இரண்டும் பொறியியல் பணிகளே. ஒன்றுக்குப் பதக்கமும் மற்றொன்றுக்கு மரணமும் என்று பிரித்து வைப்பது சாதியின் கணக்கு. அரசமைப்புச் சட்டத்தின் கணக்கு அதுவல்ல.