அட்வகேட் ஜெனரல் யாருடைய வக்கீல்?



கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில் இளைஞர்கள் வந்து கேட்கும் கேள்விகளில் ஒன்று இது: "ஹஜ்ரத், அட்வகேட் ஜெனரலிடம் ஒரு மனு கொடுத்தால் என்ன?"

கொடுக்கலாம். ஆனால் அவர் யாருடைய வக்கீல் என்று தெரிந்துகொண்டு கொடுங்கள்!

வக்கீல் என்ற சொல்லே அரபியிலிருந்து வந்தது. நிக்காஹ் வீட்டில் வக்கீலாக நிற்பவர், பெண் சொன்ன சம்மதத்தைத்தான் சபையில் சொல்ல முடியும். தன் விருப்பத்தை அதில் சேர்க்க முடியாது. மாநில அரசுக்கு அப்படி நிற்பவர்தான் அட்வகேட் ஜெனரல். அரசியல் சட்டத்தின் 165வது பிரிவின்படி ஆளுநர் அவரை நியமிக்கிறார். உயர் நீதிமன்ற நீதிபதியாகும் தகுதி அவருக்கு வேண்டும். சட்டமன்றத்தில் பேசலாம், ஓட்டுப் போட முடியாது. ஆட்சி மாறினால் பெரும்பாலும் ஆளும் மாறுவார். (வியாபாரிகள் கவனிக்க: வணிகவரி வழக்கில் உங்களுக்கு எதிரே நிற்பவர் பெரும்பாலும் அரசு பிளீடர்தான், கிரிமினல் வழக்கில் பப்ளிக் பிராசிக்யூட்டர். எல்லோரையும் ஒரே ஆளாக எண்ணி அலையாதீர்கள்.)

இன்னொன்று முக்கியம். அரசு தன்னிடம் அனுப்பும் விஷயங்களுக்கே அவர் ஆலோசனை சொல்வார். கேட்காத அரசுக்கு அவர் என்ன சொல்ல முடியும்?

ஆந்திராவில் நடந்ததைப் பாருங்கள். 2004ல் முஸ்லிம்களுக்கு 5 சதவீத இடஒதுக்கீடு என்று ஆணை வந்தது. இனிப்பு வழங்கினோம்! அதே ஆண்டில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தைக் கலந்து பேசாமலே ஆணை போட்டிருந்தார்கள். 2005ல் சட்டமாகவே கொண்டுவந்தார்கள், அதுவும் விழுந்தது. 2007ல் 4 சதவீதமாகக் குறைத்து, இன்னின்ன பிரிவினருக்கு என்று பட்டியலிட்டுக் கொண்டுவந்தார்கள். கணக்கெடுத்த முறை சரியில்லை என்று 2010 பிப்ரவரியில் அதையும் உயர் நீதிமன்றம் தள்ளியது. மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால்தான் அது உயிர் பிழைத்தது.

கையில் கணக்கு இல்லாமல் கோர்ட்டுக்கு அனுப்பினால் எந்த வக்கீல்தான் என்ன செய்வார்? வாதத் திறமை வேறு, ஃபைலில் உள்ள ஆதாரம் வேறு.

தமிழகத்தில் 2007ல் வந்த 3.5 சதவீதம் வேறு விதமானது. லெப்பை, தக்கனி, மாப்பிள்ளை போன்ற பிரிவுகள் முன்பே பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தன. அந்த 30 சதவீதத்துக்குள்ளேயே தனிப் பங்கு பிரித்தார்கள். அடித்தளம் பழையது, அதன்மேல் சுவர் எழுப்பினார்கள். இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது.

இப்போது அதை உயர்த்தக் கேட்டு ஊர் ஊராக மனு எழுதுகிறோம். கையெழுத்து வாங்குவதில் காட்டும் வேகத்தைக் கணக்கு எடுப்பதில் நாம் காட்டுவதில்லை. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். உங்கள் மாவட்டத்தில் அரசு வேலையில் நம்மவர் எத்தனை பேர், எந்தப் பதவியில், எத்தனை இடம் நிரப்பப்படாமல் கிடக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். அதை மனுவோடு இணையுங்கள். கீழே ஒரு வரியும் சேருங்கள்: "இதில் அட்வகேட் ஜெனரலின் கருத்தை அரசு கேட்டுள்ளதா?" அவர் சொன்ன கருத்தை வெளியிட மறுக்கலாம். ஆனால் கேட்டார்களா இல்லையா என்பதைச் சட்டமன்றத்தில் நம் உறுப்பினர் எழுந்து கேட்கலாமே!